மூட்டம் என்று எழுதிய மாதங்கள்

என் தினக்குறிப்பு நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஐந்து கட்டங்கள். காற்று, நீர்மட்டம், ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் திறந்திருக்கிறதா, வலையில் பட்டது, கடைசியாகக் கலங்கரை விளக்கம். அந்த ஐந்தாவது கட்டத்தில் ஒரே ஒரு சொல்தான் எழுதுவேன். தெளிவு, அல்லது மூட்டம்.

இருபத்திரண்டு வயதில் தொடங்கிய பழக்கம். நோட்டுகள் இப்போது இரண்டு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. என் கல்யாணத்தன்றுகூட எழுதியிருக்கிறேன். வாடைக்காற்று, நீர் குறைவு, தெளிவு. கல்யாணம் என்று எழுத மறந்துவிட்டேன். என் மனைவி இதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

கலங்கரை விளக்கத்துக்கு ஏன் தனிக் கட்டம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஏரியின் நடுவில் இடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. படகு கட்டும் தோணிரேவிலிருந்து போகும்போது கிழக்கே கலங்கரை விளக்கம் தெரியும்; அதற்கு முன்னால் மணல்திட்டில் தனியாக ஒரு பனை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றால் ஒரு கோட்டில் இருக்கிறோம். வடக்கே இன்னொரு ஜோடி அடையாளம் இருக்கிறது. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்கிற இடத்தில் கழி நட்டு வலை கட்ட வேண்டும். கைபேசியில் இடம் காட்டும் வசதி வந்துவிட்டாலும், ஈரக் கையோடு அதைத் தடவிக்கொண்டிருப்பதைவிடக் கண்ணால் கோடு பிடிப்பது சீக்கிரம் முடியும். கோடு பிடிக்கும்போது இடது கண்ணை மூடிக்கொள்வோம். நாற்பது வருடமாக நான் கலங்கரை விளக்கத்தைப் பார்த்ததெல்லாம் வலது கண்ணால்தான். அதைப் பார்க்கத் திரும்பினாலே இடது இமை தானாக இறங்கிவிடும்.

என் கண் கெட்ட கதையை முறையாகச் சொல்ல வேண்டுமானால் அந்த இமையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாசி மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை. காலையில் கோடு பிடித்தபோது கலங்கரை விளக்கம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. மாசியில் பனி இருக்கும். மூட்டம் என்று எழுதினேன். மறுநாளும் மூட்டம். வியாழனும் மூட்டம்.

படகில் என்னோடு வருபவன் என் மனைவியின் தம்பி. இருபத்தாறு வருடமாகப் படகைத் தள்ள அவன் கோல் போட, நான் கோடு பிடிப்பேன். பங்குனியில் ஒருநாள் அவன் கேட்டான்.

“இன்னா மாமா, பட்டப்பகல்ல கண்ணாடி மாதிரி நிக்குது லைட்டவுஸு. அத்தப் பாத்து மூட்டம்னு எழுதுற?”

“உனக்கு இன்னாடா தெரியும்? நீ ரெண்டு கண்ணையும் தொறந்துகினு வேடிக்கை பாக்குறவன்.”

“அதுவும் சரிதான். நீ நோட்டுல எழுதிட்டா அப்புறம் மாறாது. ஆகாசம்தான் மாறிக்கணும்.”

சிரித்துவிட்டோம். அன்றும் மூட்டம் என்றே எழுதினேன்.

சித்திரையில் காரணம் கிடைத்தது. வெயில் காலத்தில் தண்ணீரிலிருந்து ஆவி எழும். வைகாசியில் வேறு காரணம்: தெற்குப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகளிலிருந்து புகை வருகிறது என்று வைத்துக்கொண்டேன். நூலகத்தில் காற்று மாசு பற்றி ஒரு புத்தகம் எடுத்துப் படித்து, அதிலிருந்து இரண்டு பக்கம் குறிப்பும் எடுத்தேன். அந்தப் புத்தகத்தைப் படிக்கும்போதே வெளிச்சம் போதவில்லை. வீட்டில் குண்டு பல்பை எடுத்துவிட்டுப் பெரிய எல்இடி போட்டேன். அதுவும் மங்கல் என்று இன்னொன்று போட்டேன். மீஞ்சூரில் புதுக் கண்ணாடி வாங்கினேன். அங்கே சுவரில் இருந்த எழுத்துகளை இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு கடைசி வரிக்கு முந்திய வரி வரை படித்தேன். படித்தது இடது கண் என்று எனக்கே தெரியாது. வலது கண் சும்மா கூட இருந்திருக்கிறது.

ஆனி மாதத்தில் நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் ஊரில் மீன் படுகிற நல்ல இடங்களுக்குச் சீட்டுப் போட்டு, இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். பாடு வந்த நாளைத் தவறவிட்டால் சுற்று முழுவதும் முடிந்து மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆனி மூன்றாவது ஞாயிறு எங்கள் பாடு. அதே ஞாயிறன்று பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ இரண்டு நாளாகத் தெருவில் சுற்றியது.

“நானும் போறேன், நீயும் வாயேன். ஒரு மணி நேரம். பல்பு மேல பல்பு மாத்திக்கினு கீறியே,” என்றாள் மனைவி.

“இன்னிக்குப் பாடு.”

“அவன் போவட்டும். நீ இல்லாட்டி மீனு வலைக்கு வராதா?”

“கோடு யாரு புடிக்கிறது?”

போனேன். கோடு பிடித்தேன். சாம்பல் கறைக்குள் கலங்கரை விளக்கம் இருக்கும் என்று நானாக நினைத்த இடத்தில் பனையைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

“மாமா, பனை லைட்டவுஸுக்குத் தெக்கால கீது. இன்னும் கொஞ்சம் தெக்கால போவணும்.”

“மூட்டத்துல உனக்கு அப்படித்தான் தெரியும். நடு.”

“எந்த மூட்டம்? எங்க மூட்டம்?”

“நட்றா.”

நட்டான். வலை ஏறக்குறைய வெறுமையாக வந்தது. பக்கத்துப் படகுக்காரர் தாண்டிப் போகும்போது, “இன்னாபா, ரோட்டு ஓரமா வலை கட்டிகினு கீறீங்க?” என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். மச்சான் கழிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் படகில் அடுக்கினான். அன்று நோட்டில் எழுதியது இதுதான்: “தெற்குக் காற்று. நீர் நடுத்தரம். முகத்துவாரம் திறப்பு. நம் பாடு, ஒன்றும் படவில்லை. பள்ளியில் கண் முகாம். மூட்டம்.”

ஆடியில் வீட்டு முற்றத்தில் புது வலை கட்டினோம். தலைக்கயிற்றை இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி, ஒரு ஓரத்தில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தால் கண்ணிகள் வரிசையாக இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். நான்கு நாள் உட்கார்ந்து மச்சான் கட்டிய வலை. நான் பார்த்தபோது நடுவில் கயிறு நெளிந்திருந்தது. கண்ணிகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுருங்கிக் கிடந்தன.

“கோணலா கட்டி வச்சிருக்கிற.”

“எங்க கோணல்?”

“நடுவுல. கண்ணியப் பாரு, கசங்கின கணக்கா.”

அவன் கயிற்றோடு போய் ஒவ்வொரு கண்ணியாக விரல்விட்டுப் பார்த்தான். திரும்பி வந்தான். “நேராத்தான் கீது மாமா.”

“குடிச்சிட்டுக் கட்டினியா?”

அவன் குடிப்பதை விட்டுப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. எந்த நாளில் விட்டான் என்பதையும் நான்தான் எழுதி வைத்திருந்தேன்.

அவன் கையிலிருந்த நூல்கட்டையைத் திண்டின் மேல் வைத்தான். எறியவில்லை. வைத்தான். “நீயே கட்டிக்க மாமா. உன் கண்ணுக்கு நேரா தெரியிற மாதிரி கட்டிக்க,” என்று சொல்லிவிட்டுச் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனான். மறு வாரமே மீஞ்சூர்ப் பக்கம் கான்டிராக்ட் வேலையில் சேர்ந்துவிட்டான். அங்கேயே வாடகைக்கு வீடு பிடித்தான்.

நோட்டில் இரண்டு நாள் “மச்சான் வரவில்லை” என்று இருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து அதுவும் இல்லை. மூட்டம் மட்டும் இருக்கிறது.

ஆவணி முதல் வியாழக்கிழமை, காலை. மனைவி கரையில் உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே குந்தியிருந்தேன். ஒரு பெரிய இறால் துள்ளி வாலால் அடித்ததில் உப்புத் தண்ணீர் என் இடது கண்ணில் பட்டது. எரிச்சல். துண்டால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தேன்.

அவளுக்கு முகம் இல்லை.

புடவை இருந்தது. இறால் பிரிக்கிற கைகள் இருந்தன. தலைமுடியின் ஓரம், காதுத் தோடு எல்லாம் இருந்தன. நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அதே சாம்பல் கறை, மாசியிலிருந்து கலங்கரை விளக்கத்தின் மேல் நான் பார்த்து வந்த அதே கறை. பார்வையை அலுமினியச் சட்டியின் பக்கம் திருப்பினேன். சட்டி மறைந்தது. படகின் பக்கம் திருப்பினேன். படகின் நடுவில் ஓட்டை விழுந்தது. மூட்டம் என்னோடு சேர்ந்து நகர்ந்தது.

“இன்னாயா, பேயறைஞ்ச மாதிரி பாக்குற?” என்ற குரல் முகம் இல்லாத இடத்திலிருந்து வந்தது.

சொன்னேன். அவள் இறாலை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். மறுநாள் முதல் பஸ்ஸில் மீஞ்சூர், அங்கிருந்து ரயிலில் சென்னை, பெரிய கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். மோவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லிக் கண்ணுக்குள் படம் எடுத்தார்கள். டாக்டர் அம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும். திரையில் படத்தைக் காட்டினார். விழித்திரைக்கு நடுவில், கூர்மையாகப் பார்க்க உதவும் இடத்தில், அடியில் புதிதாக முளைத்த ரத்தக் குழாய்கள் கசிந்து, கசிந்தது உறைந்து தழும்பாகியிருந்தது. வயதானவர்களுக்கு வருகிற நோய் என்றார். பீடி பிடிப்பீர்களா என்று கேட்டார். மனைவி எனக்கு முன்னால் தலையாட்டினாள்.

“எப்பலேர்ந்து இப்படி இருக்குங்கய்யா?”

“நேத்துலேர்ந்து.”

“இது நேத்து வந்தது இல்லையே. மாசக்கணக்குல இருந்திருக்கணும். கோடெல்லாம் வளைஞ்சு தெரிஞ்சிருக்கும், நடுவுல மறைச்சிருக்கும். ஞாபகப்படுத்திப் பாருங்க.”

ஊரில் யார் வீட்டில் எப்போது குழந்தை பிறந்தது, எந்த வருடம் எந்த வாரம் முகத்துவாரம் அடைத்தது என்று என்னிடம்தான் கேட்டுப் போவார்கள். இந்த ஒரு தேதி மட்டும் என் நினைவில் அகப்படவில்லை.

“சீக்கிரம் வந்திருந்தா?” என்று மனைவி கேட்டாள்.

டாக்டர் அம்மா என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னார். “கசிய ஆரம்பிச்ச உடனே ஊசி போட்டிருந்தா நிறையவே நிறுத்தி வச்சிருக்கலாம்மா. தழும்பு ஆயிட்டா ஊசியால அதைத் திருப்ப முடியாது. ஓரப் பார்வை இருக்கும். நடந்து போறதுக்குக் கஷ்டம் இல்ல. ஆனா அந்தக் கண்ணால இனிமே படிக்க முடியாது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இடது கண்ணுல இன்னும் கசிவு இல்ல. ஆனா ஆரம்ப அறிகுறி இருக்கு. அதை விடக்கூடாது.”

கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார். வெள்ளைத் தாளில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், நடுவில் ஒரு புள்ளி. தினமும் ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணால் புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடு நெளிந்தாலோ மறைந்தாலோ உடனே வர வேண்டும்.

“ஒரு வாரம் பாத்துட்டு வரலாம்னு இருக்காதீங்க. அன்னைக்கே வந்துடுங்க.”

நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இழுத்துக் கட்டிய வலை. வேறொன்றும் இல்லை. இதையேதான் ஆடி மாதத்தில் என் வீட்டு முற்றம் முழுவதும் இழுத்துக் கட்டி மச்சான் எனக்குக் காட்டியிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். ஆவணி, ஆடி, ஆனி என்று போய் மாசி இரண்டாவது செவ்வாய்க்கு முந்திய திங்களில் நின்றேன். தெளிவு. அதற்கு முன் எத்தனையோ நாள் தெளிவு. அதற்குப் பின் ஒன்றுகூட இல்லை. மழை பெய்து விட்டு, அடிவானம் கழுவி வைத்ததுபோல் இருந்த நாட்களிலும் மூட்டம். டாக்டர் அம்மா கேட்ட தேதி அங்கேதான் இருந்தது, என் கையெழுத்தில். அதை வேறு பெயரில் எழுதியிருந்தேன்.

மச்சானுக்கு மனைவிதான் போன் செய்தாள். அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இனி என்னிடம் மிச்சமிருப்பது இடது கண்தான். புத்தகமும் நோட்டும் அவள் முகமும் அந்த ஒரு கண்ணில் இருந்தன. பீடியை விட்டேன். நோட்டில் கண்ணுக்கும் இடம் வந்தது: ஆறாவதாக ஒரு கட்டம் போட்டு, அட்டையில் தெரிந்ததைத் தினமும் எழுதினேன். கோடு நேர். கோடு நேர். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முழுவதும் நேர்.

தை மூன்றாவது புதன்கிழமை. காலைக் காப்பிக்கு முன்பு வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். புள்ளிக்கு மேலே இரண்டாவது கோட்டில் ஒரு சிறு நெளிவு.

உடனே என் மனம் செய்த வேலையை மறைக்காமல் எழுத வேண்டும். அட்டை உப்புக் காற்றில் ஊறி உப்பியிருக்கும் என்று நினைத்தேன். அட்டையைத் தரையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்தேன். மறுபடி பார்த்தேன். நெளிவு இருந்தது. எழுந்து போய் முற்றத்தில் கட்டியிருந்த வலையைப் பார்த்தேன், மச்சான் கட்டிவிட்டுப் போன அதே வலை. தலைக்கயிற்றில், நான் எங்கே பார்த்தாலும் அந்த இடத்தில், ஒரு சிறு மேடு. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். மாசியிலிருந்து ஆவணி வரை அதன் பேச்சைத்தான் எழுதி வந்தேன்.

“கெளம்பு,” என்றேன் மனைவியிடம். அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் பையை எடுத்தாள்.

மீஞ்சூர் ஸ்டேஷனில் மச்சான் நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸிலிருந்தே அவள் போன் செய்திருக்கிறாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்தான். இரண்டு ஸ்டேஷன் தாண்டின.

“அன்னைக்கு லைட்டவுஸு தெரிஞ்சுது மாமா,” என்றான்.

“தெரியும்டா.”

“இப்ப சொல்ற.”

“இப்பதான் தெரிஞ்சுது.”

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். “வலை கோணல் இல்ல.”

“இல்ல.”

“அத்த எழுதினியா?”

நான் மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டேன்.

“எல்லாத்தையும் எழுதுவ. அத்தையும் எழுது. நான் குடிச்சிட்டுக் கட்டலன்னு எழுது.”

“டேய், ஆஸ்பத்திரிக்குப் போற நேரத்துல இன்னாடா இது,” என்று அவன் அக்கா அதட்டினாள். அவன் சிரிக்க முயன்றான். பிறகு என் பையை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

அன்றே படம் எடுத்தார்கள். கசிவு தொடங்கியிருந்தது. “நல்லவேளை, இன்னைக்கே வந்தீங்க,” என்றார் டாக்டர் அம்மா. வலது கண்ணைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டிருக்கலாம். கண்ணுக்குள்ளேயே ஊசி என்றதும் மச்சான்தான் அதிகம் பயந்தான். மரத்துப்போக மருந்து விட்டார்கள், இமைகளை அகற்றிப் பிடித்தார்கள், மேலே பார்க்கச் சொன்னார்கள். ஓர் அழுத்தம், அவ்வளவுதான். தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல் கரும்புள்ளிகள் மிதந்தன. இரண்டாம் நாள் கரைந்துவிட்டன. மாதம் ஒருமுறை, மூன்று மாதம். அதன் பிறகும் கண் எப்படி இருக்கிறதோ அதன்படி.

மூன்றாவது ஊசி போன வாரம் முடிந்தது. நெளிவு முழுவதும் போகவில்லை, மெலிந்திருக்கிறது. பெரிய எழுத்துப் புத்தகங்களைப் படிக்கிறேன். எவ்வளவு காலம் என்று டாக்டர் அம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் ஊசி போட்ட கண் தெளிந்த அன்றே ஆடி மாதப் பக்கத்தை எடுத்து ஓரத்தில் எழுதினேன்: “கண்ணிகள் நேராகவே இருந்தன. கட்டியவன் குடித்திருக்கவில்லை. பார்த்தவன் கண்தான் பழுது.” அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நோட்டைக் கொண்டுபோய் ரயிலில் மச்சானிடம் காட்டினேன். படித்தான். இரண்டு முறை படித்தான் என்று நினைக்கிறேன். “வுடு மாமா,” என்று மூடித் திருப்பிக் கொடுத்தான். படகுக்கு வருகிறாயா என்று கேட்டேன். வேலை நிரந்தரமாகிற மாதிரி இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அங்கே மாறிவிட்டது என்றான். ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஸ்டேஷனில் வந்து நிற்கிறான்.

கோடு பிடிக்க வலது கண் இல்லை. இடது கண்ணால் பிடித்துப் பழகலாம்தான். ஆனால் கோல் போட ஆள் இல்லாமல் படகு தோணிரேவில் கவிழ்ந்து கிடக்கிறது. எங்கள் பாடு வரும் நாளில் இன்னொரு வீட்டார் போகிறார்கள்.

நோட்டு எழுதுவது நிற்கவில்லை. ஐந்தாவது கட்டத்தை என்ன செய்வது என்று சில நாள் விழித்தேன். இப்போது காலையில் மனைவி கரைக்கு வரும்போது கேட்கிறேன்.

“லைட்டவுஸு தெரியுதா?”

“தெரியுது. மேல ரெண்டு பேரு தொங்கிகினு கீறானுங்க. பெயிண்ட் அடிக்கிறானுங்களோ இன்னாவோ. அந்தப் பனைக்கு ஒரு மட்டை காஞ்சு தொங்குது. போதுமா?”

போதும் என்கிறேன். திரும்பிப் பார்க்கும்போது என் இடது இமை இன்னும் பழையபடி இறங்கத்தான் பார்க்கிறது. அதை விரலால் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பிறகு எழுதுகிறேன்: தெளிவு. அவள் சொன்னது.